மாப்பிள்ளை முகத்தில் பச்சைக் கறை

ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்திரீட்டில் பிரியாணிக்கு நிற்கும் வரிசையைவிட நீளமான வரிசை ஒன்று உண்டு. கடைவீட்டு மாடிப்படியில் தொடங்கிப் பூக்கடையைத் தாண்டிப் போகும். எல்லோர் கையிலும் ஒரு டோக்கன், ஒரு போட்டோ. மேலே ‘வர்ண சித்தர்’ துரைசாமி ஒளிப் பொருத்தம் பார்க்கிறார். ஜாதகம் பழசாகிவிட்டதாம். சிங்கப்பூர் முன்னேறிவிட்டது அல்லவா?

சித்தரின் சக்தி ஒரு பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் குடியிருக்கிறது. பின்பக்கம் பெட்டியாகப் புடைத்த அந்தக் கால ரகம். சித்தராவதற்கு முன் அவர் பழைய கம்ப்யூட்டர் வியாபாரி. இது மட்டும் விற்கவில்லை. இப்போது அதற்கு மாலை போட்டிருக்கிறார்.

மாப்பிள்ளையின் படம் திரையில் வரும். சித்தர் கண்ணாடியைத் தடவுவார். இடக்கையால் தடவினால் முகம் தெளிவாக இருக்கும், கல்யாணம் நடக்கலாம். மோதிரம் போட்ட வலக்கையால் தடவினால் பச்சையும் ஊதாவுமாகக் கறை விழும். வரனை விட்டுவிட வேண்டும். எந்தக் கை என்பது அருளைப் பொறுத்தது. கறை விழுந்த வீட்டாருக்கு வேறு வரன் தரவும் சித்தரிடமே ஏற்பாடு உண்டு. அடுத்த குடும்பம் வருமுன் மந்திரம் சொல்லி, மானிட்டரின் கீழே உள்ள சந்தனப் பொட்டை அழுத்துவார். ‘டொய்ங்’ என்று திரை அதிர்ந்து கறை மறையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்று மாப்பிள்ளை நிதீஷின் முகத்தில் கறை விழுந்தது.

“கல்யாணத்த நிறுத்திடுங்கம்மா,” என்றார் சித்தர்.

பெண்ணின் தாய் சரஸ்வதி அழத் தொடங்கினாள். “ரக்ஷனா, நிதீஷுக்கு போன் போடு. வேணாம்னு சொல்லிடு.”

“பாதிப் பத்திரிகை கொடுத்தாச்சும்மா. ஹால் புக் பண்ணியாச்சு.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லா,” என்றார் வரிசையில் அடுத்து நின்ற அழகப்பன். ஏதோ கம்பெனியில் ஐடி மேனேஜர்.

ரக்ஷனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. காதலித்தவனை ஒரு கண்ணாடிப் பெட்டி தள்ளிவைப்பதா? மவுஸைப் பிடித்து நிதீஷின் படத்தை மூடினாள். அதன் பின்னால் திரையில், கையை உயர்த்தி ஆசி வழங்கும் சித்தரின் சொந்தப் படம். அதே கறை, அதே இடத்தில், அவர் கன்னத்தில்.

“சாமி, உங்களுக்கும் தோஷமா?”

சித்தர் அசரவில்லை. “பையனோட பாவத்த நானே வாங்கிக்கிட்டேன்!”

கூட்டம் உருகிப்போனது. அழகப்பன் சித்தரின் காலில் விழுந்தார்.

ரக்ஷனா சந்தனப் பொட்டை அழுத்தினாள். யாரும் மந்திரம் சொல்லவில்லை. ‘டொய்ங்’ தவறாமல் கேட்டது. திரை பளிச்சென்று ஆனது. பொட்டுக்கு அடியில் சாதாரணப் பொத்தான். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கச் செய்த டோர் கிஃப்ட். ஜோடியாக அவளும் நிதீஷும் சிரிக்கும் படம் ஒட்டியது. அதைக் கண்ணாடியருகே கொண்டுபோனாள். சித்தரின் மூக்கு பச்சையானது. நகர்த்தினாள், நெற்றி ஊதாவானது.

“இது ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம். இந்தப் பழைய மானிட்டர் பக்கத்துல எந்தக் காந்தம் வந்தாலும் கலர் கெட்டுப்போகும். எங்க, உங்க மோதிரத்தைக் கழட்டிட்டுத் தடவுங்க சாமி.”

“கொடு அதை!” சித்தர் வலக்கையை நீட்டிப் பறிக்கப் போனார். ‘டக்’. காந்தம் தானாகவே தாவி மோதிரத்தில் ஒட்டிக்கொண்டது. உதறினார், விழவில்லை. ஆசி வழங்கும் கையில் மணமக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். “வா, மிச்ச பத்திரிகைய கொடுத்துட்டு வந்துடலாம்.”

அழகப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. “பூன் லே பக்கம் ஒரு பொண்ணு,” என்றார் மெல்ல. “என் மகனுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. போன தடவ இங்க இந்தக் கறைய பார்த்துத்தான் வேணாம்னுட்டேன். அவளுக்கு வேற இடத்துல முடிஞ்சிருச்சு.”

அந்தக் கறையைப் போக்க எந்த மானிட்டரிலும் பொத்தான் இல்லை. ஏமாறுவதற்கு வெயிலில் நின்று டோக்கன் வாங்கினீர்கள், ஐயா. ‘எப்படி?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; அதற்கு வரிசையே கிடையாது.