மாமாவின் கையைக் கட்டும்போது யாரைக் கேட்டார்கள்?

நகரி,
வெள்ளிக்கிழமை.

திருப்பதியில் நர்சிங் படிக்கும் என் நாத்தனார் மகள் செல்வி பிரித்திகாவுக்கு, அத்தை வெங்கடம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே உன் மாமா இல்லாத குறையைத் தவிர நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் ஹாஸ்டல் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க கங்கையம்மாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ போனில் உன் அம்மா மூலமாகக் கேட்டதற்கு இது பதில். போனில் என்னால் பேச முடியாது கண்ணு. முப்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்ற காது, போனை வைத்தால் கொசு பாடுகிற மாதிரித்தான் கேட்கிறது. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். போனுக்கு உதடு இல்லை. வீடியோவில் பேசு என்கிறாய், அதில் உன் வாய் ஒரு பக்கம் நின்றுபோகிறது, பேச்சு ஒரு பக்கம் ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன். குழந்தையிலிருந்து கிழவர் வரை ஆஸ்பத்திரியில் என்ன பாதுகாப்புச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நோயாளியின் விருப்பத்தை எப்படி மதிக்கிறார்கள் என்று ஒரு சொந்தக்காரரைக் கேட்டு எழுதிவரச் சொன்னார்களாமே உன் மேடம். மாமாவைப் பற்றிக் கேட்டால் அத்தை அழுவாளோ என்று தயங்கினாய். அழுதேன்தான். அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன், தைரியமாகப் படி.

மாமாவை மூச்சுத்திணறலோடு கொண்டுபோய்ச் சேர்த்தோமே, அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன், நாளைக்கு உனக்கு அங்கேயே வேலை கிடைக்கலாம். சேர்த்ததும் முதல் காரியமாக எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஏதோ தரச் சான்றுக்காகப் பரிசோதனைக்காரர்கள் வரப்போகிறார்களாம், அதற்குள் ஒவ்வொரு நோயாளி வீட்டாருக்கும் எல்லா வயசுப் பாதுகாப்பும் சொன்னதாகக் கையெழுத்து வேண்டுமாம். பெரிய சிஸ்டர் ஒரு அட்டையை விரித்துப் படித்துக்கொண்டே போகிறார்கள். குழந்தையைக் கட்டிலில் தனியாக விடாதே, பாசிமணியை வாயில் போடாமல் பார், பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ரோட்டில் கை பிடித்துக் கூட்டிப்போ, வாலிபப் பையன் ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது. பக்கத்தில் உன் மாமா கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்.

"ஏம்மா, இவுருக்கு அறுவது வயசு ஆயிட்ச்சு. இப்போ ஹெல்மெட்டு போட்டா மூச்சு இன்னும்தான் முட்டும்" என்றேன்.

"பெத்தம்மா, எல்லா வயசும் சொல்லணும், அது ரூல். முதியவரு கடைசிப் பக்கத்துல வர்றாரு, கொஞ்சம் பொறுங்க."

கடைசிப் பக்கம் வருவதற்குள் அவர்களை டாக்டர் கூப்பிட்டுவிட்டார். முதியவர் வரவேயில்லை. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். பிறகு மாமா கீழே விழக்கூடியவர் என்று அவர் கையில் மஞ்சள் பட்டை மாட்டினார்கள். எழுந்து உட்காரவே முடியாத மனுஷன் எங்கே போய் விழுவார்? அந்த வார்டில் விழுந்தது என் மகன் தனசேகர் ஒருவன்தான். ‘ஈரத் தரை, வழுக்கும், ஜாக்கிரதை’ என்று எழுதிய பலகை நடையில் படுத்துக் கிடந்தது, அதில் கால் தடுக்கி விழுந்தான். உடனே ஓடிவந்து அவனுக்கும் ஒரு மஞ்சள் பட்டை. கங்கையம்மா ஜாத்திரைக்குக் காப்புக் கட்டினாற்போல் அப்பனும் பிள்ளையும் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை அங்கேயேதான் படுத்திருந்தது.

மறுநாள் ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் வந்தார். தனசேகரை வெளியே கூட்டிப்போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். சத்தம் உள்ளே வராத கதவு, நல்ல கதவு. நானும் உன் மாமாவும் உள்ளே. இங்கேதான் உன் மேடத்துக்குப் புரிகிற மாதிரி நீ விளக்கி எழுதவேண்டும். தறி ஓடுகிற ஷெட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்குக் கேட்காது. அதனால் நாங்கள் வாயை அசைப்போம், கையை ஆட்டுவோம், அவ்வளவுதான் பேச்சு. எதிரெதிர் தறியில் நின்றுகொண்டு நானும் அவரும் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம், ஷெட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஷெட்டில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், அதனால் எங்கள் கண்ணுக்கு இரண்டு பாஷையும் வரும். டாக்டர் இங்கிலீஷில் பேசியிருந்தால் தப்பித்திருப்பார். தனசேகருக்குப் புரியவேண்டும் என்று நல்ல மனசோடு தெலுங்கில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், பாவம். எங்களுக்கு மெதுவும் ஒன்றுதான், கத்தலும் ஒன்றுதான். நுரையீரலில் புற்று, இரண்டு பக்கமும் பரவிவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை, பெரியவரிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துபோவார் என்றார்.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு முன்னாலேயே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தனசேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"நைனா, ஒண்ணுமில்லியாம்! சளிதானாம்! ஊசி போட்டா கரைஞ்சிடுமாம்!"

"நான்தான் அப்பவே சொன்னேனேடா" என்றார் மாமா.

அன்றைக்கே மூச்சு மோசமாகி அவசரப் பிரிவுக்கு மாற்றி, வாய்க்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டார்கள். என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். அங்கேயும் கண்ணாடிதான். உதடு மூடிக்குள் போய்விட்டது, அவருக்கு மிச்சம் இருந்தது கை. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தார். இங்கேதான் வந்தது வினை. ஒரு கிழவர் படுத்துக்கொண்டு காற்றில் கை வீசுகிறார், விரலை முறுக்குகிறார், மார்பைத் தட்டிக்கொள்கிறார். சிஸ்டர்கள் பார்த்தார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். என்ன என்று கேட்டால் பாதுகாப்பாம்.

"கட்டறதுக்கு முன்னாடி அவுரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன் பெரிய சிஸ்டரிடம்.

"அவரு குழப்பத்துல இருக்காரு பெத்தம்மா. அவரை எப்படிக் கேக்கிறது?"

"கேட்டாத்தானேம்மா குழப்பத்துல கீறாரா தெளிவா கீறாரான்னு தெரியும்?"

"உங்க பையன் சம்மதம் குடுத்துட்டாரு."

தனசேகரைப் பிடித்தேன். "இன்னாடா கையெழுத்து போட்டே?"

"அது கஞ்சிக்குன்னு நெனச்சிக்கினு போட்டுட்டேம்மா."

அப்புறம் நான் என்ன செய்வேன்? கண்ணாடிக்கு வெளியே நின்று நான் கையை ஆட்டினேன். பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன், பையனுக்குத் திட்டு விழுந்தாச்சு என்று சொன்னேன். வாசல் செக்யூரிட்டி பார்த்தான், இந்த அம்மாவுக்கும் அதே நோய் என்று சொல்லிவிட்டான். ஒரு பெண் வந்து என்னைத் தனி அறையில் உட்காரவைத்து, மூச்சை இழுங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தது. நான் இழுத்தேன், விட்டேன். மூச்சு முட்டுகிறவர் உள்ளே, பயிற்சி வெளியே. "நீங்க உங்க உணர்வை வெளியே கொட்டணும்மா" என்றது. "அதுக்குத்தாம்மா அவுரு கை அவுக்கணும்" என்றேன். எழுதிக்கொண்டது.

இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் உதயா என்று ஒரு பெண் டியூட்டிக்கு வந்தது, உன் வயசுதான் இருக்கும், படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை ஆட்டுவதையும், கட்டிலில் உன் மாமா தலையை ஆட்டுவதையும் மாறிமாறிப் பார்த்தது. நான் செக்யூரிட்டியின் நடையை நடித்துக் காட்டினபோது மாமா மூடிக்குள் சிரித்துவிட்டார். புத்தி பேதலித்தவர் சரியான இடத்தில் சிரிப்பாரா? அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "சேதுலு விப்பனா, தாத்தா?" என்றது. கையை அவிழ்க்கட்டுமா என்று. அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பற்றி அவரிடமே கேட்ட முதல் ஆள் அது. மாமா தலையை ஆட்டினார். அவிழ்த்தது. அதற்காகப் பெரிய சிஸ்டரிடம் திட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

அவிழ்த்ததும் மாமா முதலில் என்ன செய்தார் தெரியுமா? மூக்கைச் சொறிந்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் சொறிந்தார். இரண்டு நாள் அரிப்பு. அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார். முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டினார். அது ஷெட்டில் தனசேகருக்கு நாங்கள் வைத்த சைகை. பையனுக்குக் கல்யாண வயசு தாண்டியும் அவருக்கு முழங்கால் உயரம்தான். எனக்குத் தெரியும்னு அவனுக்குச் சொல்லாதே, பாவம், கஷ்டப்பட்டு நடிக்கிறான் என்றார். அப்புறம் இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்த்துக் காட்டினார். வீட்டுக்கு இட்டுக்கொண்டு போ என்றார்.

தனசேகரிடம் போய், வீட்டுக்குப் போகலாமடா என்றேன்.

"ஐயோ, வேணாம்மா! ஊட்டுக்கு இட்டுனு போனா நைனாவுக்கு சந்தேகம் வந்துடும். சளின்னுதான் நம்பிக்கினு கீறாரு. தெரிஞ்சா அன்னைக்கே பூடுவாரு."

பார் பிரித்திகா, அப்பனுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். ஆனால் அப்பனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பிள்ளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறான், தனக்குத் தெரியும் என்பது பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் அழவேண்டும். அதனால் நான் ஒரு பொய் சொன்னேன். "டேய், உங்க நைனா சளி கரைஞ்சிட்ச்சின்னு நெனச்சிக்கினு கீறாரு. இன்னும் இங்கயே வெச்சிருந்தாத்தான் சந்தேகம் வரும்" என்றேன். "அட, ஆமாம்மா!" என்று துள்ளிக் குதித்து வண்டி பிடிக்க ஓடினான்.

கிளம்பும்போது பெரிய சிஸ்டர் பேனாவோடு வந்தார்கள். ஆஸ்பத்திரி பேச்சைக் கேட்காமல் போகிறோம், என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வேண்டுமாம். தனசேகர் கையை நீட்டினான். "நீங்க இல்லைங்க, பேஷண்ட்தான் போடணும். இது அவரோட சொந்த விருப்பம் இல்லியா" என்றார்கள். குழப்பத்தில் இருந்தவர் பழி வருகிற நேரத்துக்குச் சரியாகத் தெளிந்துவிட்டார். மாமா ‘வேதாச்சலம்’ என்று முத்து முத்தாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நிம்மதியாகத்தான் இருந்தார். நீயும் வந்து பார்த்தாயே. தனசேகர் கடைசி வரைக்கும், பொங்கலுக்கு நைனா எழுந்து நடப்பார் என்றே சொல்லிக்கொண்டிருந்தான், அவரும் சரிடா, செருப்பு தேய்ஞ்சிட்ச்சு, புதுசு வாங்கு என்பார். என்னோடு எல்லாம் பேசினார். ஆனால் ஒன்று, அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி என்னவோ சொல்ல வாயெடுத்தாரே, அது என்னவென்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். ஞாபகமில்லையே என்று கையை விரித்தார். தான் சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒரு மனுஷனுக்கு முதல் இரண்டு நாளில் பெண்டாட்டியிடம் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அதையெல்லாம் கட்டில் கம்பியில் கட்டிப்போட்டுவிட்டார்கள். அவர் போனதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன் கண்ணு. அந்த இரண்டு நாள் பேச்சை யாரிடம் போய்க் கேட்பேன்?

உன் மேடத்துக்கு நன்மை, நீதி என்று பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுது, நல்ல மார்க் வாங்கு. ஆனால் நீ வேலைக்குப் போகிற அன்றைக்கு, நோயாளி பச்சைப் பிள்ளையானாலும் பல் போனவரானாலும், தொடுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேள். அவர் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவரிடம்தான் முதலில் சொல்லவேண்டும். அன்பாக மறைத்தாலும் மறைத்தது மறைத்ததுதான். அந்த உதயா பெண்ணை எங்கேயாவது பார்த்தால் அத்தை விசாரித்ததாகச் சொல். உன் கை ராசியான கையாக இருக்கட்டும், நீ தொட்டவர்கள் எழுந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை
வெங்கடம்மா

பின்குறிப்பு: உன் அம்மா அகிலாவுக்குப் போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். சுகர் ஏகமாக ஏறிக் கிடக்கிறது. நீ பதறாதே. அண்ணன் போன துக்கத்தில் இருக்கிறவளிடம் இதை வேறு எப்படிச் சொல்வது என்று நானும் தனசேகரும் பேசி, சொல்லவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கிறேன். காப்பி ஏன் கசக்கிறது என்றால், புதுத் தூள் அப்படித்தான் என்கிறேன். நீயும் போனில் வாய் தவறி உளறிவிடாதே. அவளைக் கேட்டுவிட்டுச் செய்யலாமா என்றுகூட நினைத்தேன். கேட்டால் எதற்கு என்று கேட்பாள். அதனால் கேட்கவில்லை.