லிஸ்கருனைத் தேடிப் போனேன்

லிஸ்கருன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை என் மாமியாரின் கரிமண் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சபதம் செய்தேன். சபதத்தின் பின்பாதிதான் எனக்கு முக்கியம். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

லிஸ்கருன் என் பாட்டில் வரும் இடம். எங்கள் ஊர் மதுக்கடையில் ஒரு பாட்டு ஒருவருக்குச் சொந்தம். அவர் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. “லிஸ்கருனில் வெள்ளைக் கல்மேல் அமர்ந்தேன், இடப்பக்கம் மணிக்கூண்டு, வலப்பக்கம் கடல்” என்று நான் கண்ணை மூடிப் பாடினால் பிடில்காரர்கூட மூக்கை உறிஞ்ச மாட்டார். போன வாரம் மலாக்கி அதைக் கெடுத்தான்.

“ஏம்ப்பா கோல்மன், அந்த லிஸ்கருன் எங்கதான் இருக்கு?”

“இங்கதான்... பக்கத்துல.”

“நீ தபால்காரன். பக்கத்துலன்னா எந்தப் பக்கத்துல?”

கடையே சிரித்தது. யோவான் திருநாளுக்கு ஊர் கூடித் தீ மூட்டுவதற்குள் இடத்தைக் காட்டாவிட்டால் பாட்டு மலாக்கிக்கு என்று முடிவாயிற்று. மலாக்கி பாடி நீங்கள் கேட்டதில்லை. அவன் பசுக்களே வேலி தாண்டி ஓடும்.

நூலகத்தில் கேட்டேன். பாதிரியாரைக் கேட்டேன். வரைபடத்தின் மேல் படுத்தே தேடினேன். இல்லை.

“தேடினது போதும். அம்மாவோட கரிமண் ஈரமா கிடக்கு. வா, நிமித்தி வைக்கலாம்” என்றாள் என் மனைவி ப்ரோனா.

எங்கள் அடுப்பு எரிவது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் கரிமண்ணில்தான். வெட்டிப் போட்ட கட்டிகளை நாலைந்தாக ஒன்றோடொன்று சாய்த்து நிற்கவைத்தால் காற்றில் காயும். கேட்க எளிது. குனிந்தவன் நிமிர மறுநாள் ஆகும்.

“என் மானம் போகுது, உனக்குக் கரிமண்ணா?”

“குளிர்காலத்துல மானத்தை எரிச்சா குளிர் காய்வ?”

“சபதம் போட்டிருக்கேன், ப்ரோனா!”

அவள் ரொட்டி மாவைப் புரட்டிப் போட்டாள். பிறகு, “வெள்ளைக் கல்லா? அம்மாவோட காட்டுல ஏதோ கல்லு இருக்கிறதா சின்ன வயசுல கேட்ட ஞாபகம். கட்டிங்களுக்கு அடியில மறைஞ்சிருக்குமோ என்னவோ. நீதான் வர மாட்டியே” என்றாள்.

சபதத்தை ஒரு நாளைக்குத் தள்ளிவைத்தேன்.

போன நேரம் ஒரே பனிமூட்டம். கடலும் தெரியவில்லை, மணிக்கூண்டும் தெரியவில்லை. கட்டிகளை எடுத்து நிறுத்தினேன். அடியில் கல் இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. மாமியார் தேநீரோடு வந்தார்.

“அந்த மூலையிலயும் பாத்துடுங்க மாப்பிள்ளை. இந்த மாதிரி அக்கறையா தேடுற ஆளை நான் பாத்ததே இல்ல.”

புகழ்ச்சியில் இன்னும் இரண்டு வரிசை போனது. சாயங்காலம் பனி விலகியபோது காடு முழுக்கக் கரிமண் வரிசையாக நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை. வலப்பக்கம் கடல் தெரிந்தது. இடப்பக்கம் ஒரு பெரிய குன்று.

“மணிக்கூண்டு தெரியலையே!” என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

“அங்கிருந்து எப்படித் தெரியும்? நம்ம பின்வயல்லேருந்துதான் தெரியும்” என்றபடி ப்ரோனா சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

கோழிக்கூடு. அதன் பின்னால், பட்டாலே அரிக்கும் செந்தட்டிப் புதர் ஆளுயரத்துக்கு. இடப்பக்கம் மணிக்கூண்டு. வலப்பக்கம் கடல்.

“அந்த வயலுக்குப் பேரே லிஸ்கருன்தான். எங்க தாத்தா காலத்துலேருந்து. வயல் பேரெல்லாம் வரைபடத்துல போடுவாங்களா?”

நான் இந்த வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பத்து வருஷம். அதைப் பின்வயல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“ஊரையெல்லாம் கேட்ட. வீட்டுல கேட்டியா?”

கோபம் வரவில்லை. பாட்டு பிழைத்ததே! “இப்பவே போய் மலாக்கிகிட்ட சொல்றேன்” என்று தொப்பியை எடுத்தேன்.

“சொல்லியாச்சு. நாளைக்கு மதுக்கடை மொத்தமும் வெள்ளைக் கல்லைப் பார்க்க வருது.”

“கல்லு எங்க?”

“செந்தட்டிக்கு நடுவுல.”

கதவோரம் அரிவாள் தீட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் என் கையுறை.