இடது காதும் முழுமையான வாழ்வும்

பாதிக்கப்பட்டவர் என் சித்தி. இழைக்கப்பட்ட அநீதி: வாங்கி எட்டே மாதமான ஹெட்போனில் இடது பக்கம் செத்துப்போனது, அப்படியொரு சாவே நிகழவில்லை என்று சாதிக்கப்பட்டது.

சித்தி வீட்டிலிருந்தபடி ஒரு மருத்துவமனைக்குத் தட்டச்சு செய்துவந்தார். டாக்டரும் நோயாளியும் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். பதிவில் டாக்டரின் குரல் இடது பக்கம் வரும், நோயாளியின் குரல் வலது பக்கம். இடது போனதிலிருந்து சித்திக்கு வியாதிகள் மட்டும் கேட்டன, வைத்தியம் கேட்கவில்லை. மருத்துவமனை மென்பொருளோ அந்த ஹெட்போனைத் தவிர வேறெதையும் சேர்த்துக்கொள்ளாது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை இன்னொருவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்று புதன். நானும் சித்தியும் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினோம்.

ஹெட்போனைச் செய்த நிறுவனம் லேசுப்பட்டதல்ல. ஊர் உலகமெல்லாம் அதை ஹெட்போனால்தான் அறியும். அந்தக் களங்கத்தைத் துடைக்கும் பொருட்டு, தலையணை, ஃப்ரிட்ஜ், வாட்ச், எடை பார்க்கும் கருவி, தாகமெடுத்தால் கூப்பிடும் பூந்தொட்டி ஆகியவற்றைத் தயாரித்து அது 'முழுமையான வாழ்வு நிறுவன'மாக மலர்ந்திருந்தது. சர்வீஸ் சென்டரின் பெயர்ப்பலகையும் 'வாழ்வு அரங்கம்' என மாறியிருந்தது. உள்ளே சோபாக்கள் ஏராளம். ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடக் கண்ணில் படவில்லை.

டோக்கன் எந்திரத்தில் பொருளுக்கு ஒன்றாக ஐந்து பொத்தான்கள். ஹெட்போனுக்கு இல்லை.

"எதடி அழுத்தறது?" என்றார் சித்தி.

"தலையணையை அழுத்துங்க சித்தி. அதுதான் காதுக்குப் பக்கத்துல இருக்கு."

கவுன்டர் பெண் கனிவாகக் கேட்டாள். "தலையணையில என்ன பிரச்சினை மேடம்?"

"தலையணை இல்லம்மா. ஹெட்போன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவா மேடம். 'ஆரம்பகாலப் பொருள்'னு சொல்லுங்க."

"எட்டு மாசம் முன்னாடிதானே வாங்கினேன்?"

"ஆமா மேடம். அப்ப ஆரம்பம். இப்ப வளர்ச்சி."

நான் குறுக்கே புகுந்தேன். "ஒரு வருஷம் வாரண்டின்னு பெட்டியில போட்டிருக்கே?"

"வாரண்டி கண்டிப்பா இருக்கு மேடம். பொருள்தான் இல்ல."

அதாவது, நிறுவனம் வளர்ந்த தேதியன்று ஹெட்போன் பழுதுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பட்டியலில் இல்லாத பொருள் பழுதாக முடியாது. அதன்படி சென்ற மூன்று மாதங்களில் ஒரு ஹெட்போன்கூடப் பழுதாகவில்லை. அந்தச் சாதனைக்கான பாராட்டுப் பத்திரம் அவள் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் எங்களை இரண்டாம் மாடிக்கு அனுப்பினார்கள். அது 'மரபுப் பிரிவு'. கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணிமேல், சித்தியுடையதைப் போலவே ஒரு ஹெட்போன் வீற்றிருந்தது. மரபு அதிகாரி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு சித்தியுடையதை இரு கைகளாலும் வாங்கினார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா."

"ரிப்பேர் பண்ணிடலாமா சார்?"

"ரிப்பேரா!" அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "திறந்தா இதோட மரபு மதிப்பு என்ன ஆகறது?"

"மதிப்பு கெடக்கட்டும் சார். வெள்ளிக்கிழமை என் வேலை போயிடும்."

"அந்தக் கவலையில தூக்கம் வராது, இல்லையா? அதுக்கு நம்ம தலையணை இருக்கு. சாப்பாடு இறங்காது. எத்தனை கிலோ இளைச்சீங்கன்னு நம்ம கருவி கிராம் சுத்தமா சொல்லிடும். நீங்க சாப்பிடாம வெச்சது கெடாம இருக்க ஃப்ரிட்ஜ். உங்களை நாங்க கைவிடவே இல்லையேம்மா!"

சித்தி சண்டைக்காரர் அல்ல. அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"நாலு நாளா என் காதுல வலிக்குது, வலிக்குதுன்னு ஜனங்க சொல்றது மட்டும்தான் சார் விழுது. யாரும் பதில் சொல்லக் காணோம். இங்க வந்தா இங்கயும் அதே பதிவுதான் ஓடுது."

அதிகாரி உருகிப்போய், அந்த வாக்கியத்தைக் கருத்துப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேலை போயிற்று. சனிக்கிழமை நான் மட்டும் கிளம்பிப் போய், கூடம் நிறையக் காத்திருந்தவர்கள் முன்னிலையில், புதுப் பொருள்களுக்குப் பொறுப்பான வளர்ச்சி அதிகாரியை வழிமறித்தேன்.

"உங்க ஹெட்போனை நம்பித்தான் எங்க சித்தி பிழைச்சாங்க. அதையே கைகழுவிட்டீங்களே, நாளைக்கு உங்ககிட்ட எவன் எதை வாங்குவான்?"

அவர் கோபப்படவில்லை. "கையில கட்டியிருக்கீங்களே, அந்த வாட்ச் யாரோடதும்மா?"

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சோபாக்களில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

"எப்ப வாங்கினீங்க?"

"போன மாசம்."

"கடையில எத்தனையோ வாட்ச் இருக்குமே. ஏன் எங்களுது?"

"சித்தியோட ஹெட்போன் அப்ப நல்லா வேலை செஞ்சுது. அந்த நம்பிக்கையில..."

"அவ்வளவுதாம்மா," என்றார் அவர், பரீட்சையில் சரியான விடை எழுதிவிட்ட மாணவியிடம் பேசுவதுபோல. "அந்த நம்பிக்கை வர்ற வரைக்கும்தான் எங்களுக்கு ஹெட்போன் தேவைப்பட்டுது."