கொசுவின் எடை

"மூச்சை வெளிய விடுங்க. முழுசா விடுங்க," என்றாள் மனைவி.

மாமனாரின் மொத்த மளிகைக் கடையில், மூட்டை நிறுக்கும் தராசுப் பலகை மேல் அரைக்கால் சட்டையோடு நின்றிருந்தவன் மூச்சை முழுசாக விட்டான். தராசின் இரும்புக் கை மேலேயே நின்றது. மாமனார் அதன் மேல் இருந்த குண்டை ஒரு கோடு நகர்த்தினார். இன்னொரு கோடு. கை மெல்ல இறங்கி நடுவில் நின்றது.

"ஐம்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம்," என்றார்.

"அப்பா, சரியாப் பாருங்க!"

"பத்தொன்பது வருஷமா இதே தராசு. எவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கானா? நேத்துகூட ஒரு வெளியூர்ப் பையன் வந்தான். ஏறினான், பார்த்தான், காசைக் குடுத்துட்டு வாயைத் திறக்காம போனான். உன் புருஷனுக்கு மட்டும்தான் தினமும் சந்தேகம்."

சந்தேகப்படாமல் என்ன செய்வான்? அவன் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன். அன்று மாலை ஆறு மணிக்குச் சண்டை. அந்தக் காலத்தில் சண்டை நாளன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். பதினொரு மணிக்கு அரங்கத்தில் ஏற வேண்டும். இப்போது மணி ஆறு.

குத்துச்சண்டையில் யானையும் பூனையும் மோதிவிடக் கூடாது என்பதற்காக எடைக்கு ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இருந்ததிலேயே சின்னப் பிரிவுக்கு ஈயின் பெயர். அதன் எல்லை ஐம்பது கிலோ எண்ணூறு கிராம். ஒரு கிராம் கூடினாலும் நீங்கள் ஈ இல்லை. ஒரு குத்துகூட விடாமல் தோற்றவர். நம் ஆளுக்கு ஈயும் பெரிதாகத் தோன்றியதோ என்னவோ, ஊர் வைத்த பெயர் கொசு. சுவரொட்டியில் அவன் பெயர் டிக்கெட் விலைக்குக் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே வரும்.

கல்யாணத்துக்கு முன் ஒன்பது சண்டை, ஒன்பதும் வெற்றி. கல்யாணத்துக்குப் பின் பன்னிரண்டு சண்டை, பதினொன்றில் தோல்வி. மிச்சம் ஒன்று, எதிராளி வராததால் கிடைத்த வெற்றி. காரணம் என்ன என்று ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"வந்தவ ராசி," என்றார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள்.

அதனால்தான் மாமனார் தீர்த்துச் சொல்லியிருந்தார். இன்று தோற்றால் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாளை முதல் மாப்பிள்ளை கடையில் மூட்டை நிறுக்க உட்கார வேண்டும். கொசுவும் தலையாட்டியிருந்தான். அவன் மனைவி மட்டும் ஆட்டவில்லை.

"ரெண்டு கிலோ நூறு. அஞ்சு மணி நேரம்," என்று விரல் விட்டு எண்ணினார் சலூன்காரர். பகலில் முடி வெட்டுவார், மாலையில் கொசுவுக்குப் பயிற்சி கொடுப்பார். "வேர்வையில விட்டுடலாம். மழைக்கோட்டை எடு!"

உடம்பு சூடானால் வேர்க்கும். வேர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். அதைக் காயவே விடாமல் ரப்பர் கோட்டுக்குள் அடைத்துவிட்டால் உடம்பு ஏமாந்து மேலும் மேலும் வேர்வையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அருமையான ஏற்பாடு. கொசு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கயிறு தாண்டினான். கோட்டின் கைநுனியிலிருந்து குழாயைப் போல ஒழுகியது.

"ஏறு, ஏறு!"

ஐம்பத்திரண்டு!

"தொள்ளாயிரம் போச்சு!" என்று சலூன்காரர் குதித்தார். அந்த மகிழ்ச்சியில் கொசுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கொசு அப்படியே தராசின் மேல் சாய்ந்தான். தராசுக் கை எகிறியது, குண்டு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

இரும்பு விழுந்தால் 'டங்' என்று கேட்க வேண்டும். இது 'டொக்' என்றது, மரக்கரண்டி விழுந்த மாதிரி. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் கொசுவைத் தூக்க ஓடினார்கள். மாமனார் மட்டும் குண்டைத் தூக்க ஓடினார்.

"என்னங்க! கண்ணைத் திறங்க!" என்று பதறிய மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை அவன் வாயில் கவிழ்த்தாள். கொசுவும் கண்ணைத் திறக்காமலே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டான்.

"ஐயோ! எவ்வளவு குடுத்தே?"

"ஒரு சொம்புதான்."

"அது அரைக் கிலோம்மா!"

மறுபடியும் கோட்டு. மறுபடியும் கயிறு. நடுவில் சலூன்காரருக்கு இன்னொரு யோசனை. "எச்சிலும் எடைதானே? எலுமிச்சம்பழத்தைக் கடி. ஊற ஊறத் துப்பு." துப்புவதற்குக் கைக்கு எட்டிய குவளையை நீட்டினார்.

"அடப்பாவி, அது எண்ணெய் அளக்கிற குவளை!" என்று அலறினார் மாமனார். "வாங்குறவன் பார்த்தா என் நேர்மை என்ன ஆகும்?"

பத்து மணிக்கு இன்னும் நூறு கிராம் பாக்கி. வேர்வை நின்றுவிட்டது, எச்சிலும் வறண்டுவிட்டது. கொசுவின் உடம்பில் விடக்கூடியதாக மீதி இருந்தது சுருட்டை முடிதான்.

"தலையைக் குனி," என்றார் சலூன்காரர்.

கைமெஷினை நெற்றியிலிருந்து பிடரி வரை ஓட்டினார். வலது பாதி பளபளத்தது. இடது பாதியில் வேர்வையில் ஒட்டிக்கிடந்த முடி மெஷினின் பற்களில் சிக்கி, மெஷின் அப்படியே நின்றுவிட்டது. இழுத்தார். கொசு கத்தினான். மெஷின் வந்தது, பற்கள் வரவில்லை.

"பாதித் தலையோடவா போறது?" என்றான் கொசு.

"குத்துறது கைதானே? ஏறு!"

கை இறங்கி, நடுங்கி, நின்றது. ஐம்பது கிலோ எண்ணூறு. ஒரு முடி கூடவோ குறையவோ இல்லை!

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எடை பார்த்து இறங்கியதும் அவன் சாப்பிடுவதற்காக வாங்கி வைத்திருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினாள்.

அரங்கத்தில் நல்ல கூட்டம். எதிராளி முன்பே எடை பார்த்து முடித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வெளியூர்க்காரன், பெயர் இடி. ஒன்பது சண்டையில் எட்டுப் பேரைப் படுக்க வைத்தவன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், யாரிடமும் பேசாமல் இவர்கள் பக்கமே வெறித்துக்கொண்டிருந்தான். மனைவி இடப்பக்கம் நகர்ந்தால் அவன் பார்வையும் இடப்பக்கம் வந்தது.

"கொலைகாரப் பார்வைடா," என்றார் சலூன்காரர். "நீ பார்க்காதே."

அரங்கத் தராசும் கடைத் தராசும் ஒரே வகை. ஆனால் பார்க்கும் முறை வேறு. இங்கே குண்டை முதலிலேயே ஐம்பது எண்ணூறில் வைத்துவிடுவார்கள். ஆள் ஏறியதும் கை மேலே எழுந்தால் தோல்வி, எழாமல் கிடந்தால் "உள்ளே!" என்று கத்துவார்கள். எவ்வளவு உள்ளே என்று யாரும் கேட்பதில்லை. குறிப்பெழுத்தர் மட்டும் பிறகு குண்டைத் தள்ளிச் சரியான எடையைத் தன் பேரேட்டில் எழுதிக்கொள்வார்.

கொசு ஏறினான். கை அசையவே இல்லை.

"உள்ளே!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. மனைவி சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தாள். கொசு பலகையிலிருந்து இறங்கினான், இரண்டடி வைத்தான், மூன்றாவது அடியில் டாக்டரின் மேசை மேல் சாய்ந்தான்.

டாக்டர் பாதித் தலையைப் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். "இவர் எடை என்ன?"

"நாற்பத்தெட்டு," என்றார் குறிப்பெழுத்தர்.

"இந்த நிலைமையில சண்டை போட விட மாட்டேன்."

"இல்ல டாக்டர், நல்லா இருக்காரு!" என்று மனைவி குறுக்கே வந்தாள். "காலையில ஆறு மணிக்குக்கூட ஐம்பத்திரண்டு தொள்ளாயிரம் இருந்தாரு!"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு மணி நேரத்துல அஞ்சு கிலோவா?"

"எல்லாம் உடம்புலேருந்து போகல டாக்டர்," என்று காப்பாற்ற வந்தார் சலூன்காரர். "கொஞ்சம் முடியும் இருக்கு."

"இந்த ஆள் நிக்கிறதே அதிசயம்! சண்டை ரத்து. வெற்றி எதிராளிக்கு." டாக்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"டாக்டர், இன்னைக்கு இல்லேன்னா இவருக்கு இனிமே சண்டையே இல்ல!" என்று மனைவி அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்க!"

மாமனார் தரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அவர் கடை வாடிக்கையாளர்கள். டாக்டரின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"நம்ம தராசு... கொஞ்சம் கூடக் காட்டும்."

"எவ்வளவு?"

"ஐம்பதுக்கு மூணு," என்றார் மாமனார். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக் கத்தினார்: "குண்டு உள்ளே குடைஞ்சு தக்கை வெச்சிருக்கேன்! போதுமா?"

விஷயம் எளிமையானது. குண்டு லேசானால், அதே ஆளைத் தாங்க அது கையில் இன்னும் தூரம் போக வேண்டும். தூரம் போனால் எண் கூடும். காலையில் கொசுவின் உண்மையான எடை ஐம்பதுக்கும் கீழே. அப்போதே நேராக வந்து ஏறியிருந்தால் "உள்ளே!" என்று கத்தியிருப்பார்கள்.

"அப்போ நான் வாங்குற பத்துக் கிலோ பருப்பு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஒன்பது கிலோ நானூறு," என்று குறிப்பெழுத்தர் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார். உடனே அவருக்கு வேறு ஏதோ தோன்ற, பேரேட்டைப் பரபரவென்று பின்னோக்கிப் புரட்டினார். "இரு, இரு. கல்யாணத்துக்கு முன்னாடி நீ எங்கே எடை பார்த்தே?"

"ரயில் நிலைய மெஷின்ல," என்றான் கொசு.

"அதான்! ஐம்பது எழுநூறு, ஐம்பது எண்ணூறு, ஐம்பது எழுநூறு. எல்லாம் வெற்றி. கல்யாணத்துக்கப்புறம் நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு தொள்ளாயிரம், நாற்பத்தெட்டு. உனக்கு லேசா வர்றதுதான் பிடிக்குதுபோலன்னு நினைச்சேன்பா!"

மனைவி மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பன்னிரண்டு சண்டை. என் ராசின்னு ஊரே சொல்லிச்சு. நீங்களும் கேட்டுட்டு இருந்தீங்க."

"எடை குறைஞ்சா நல்லதுதானேன்னு..." என்று இழுத்தார் மாமனார். "சொன்னா கடை என்ன ஆகும்மா?"

"இன்னைக்கு இவரு ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்க தராசுகிட்ட வந்து உட்கார மாட்டாரு. நாளைக்கும் மாட்டாரு. சரியா?"

"சரி," என்றார் மாமனார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ போனது ரெண்டு கிலோதான். உங்க தொழில்ல எல்லாரும் பண்ற பைத்தியக்காரத்தனம். ஏழு மணி நேரம் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடு, தூங்கு. அஞ்சு மணிக்கு மறுபடி பார்க்கிறேன். தெளிவா இருந்தா, சண்டை உண்டு!"

கூட்டம் கூரையைப் பிய்த்தது. சலூன்காரர் கொசுவைக் கட்டிக்கொண்டார். மனைவி ஒரு பழத்தை உரித்து அவன் வாயில் திணித்தாள், இரண்டாவதை உரித்தாள்.

அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த இடி எழுந்தான்.

ஆர்ப்பாட்டம் அடங்கியது. அவன் கண் கொட்டாமல் நேராக நடந்து வந்தான். கூட்டம் விலகி வழி விட்டது. சலூன்காரர் கைமெஷினை ஓங்கிக்கொண்டு குறுக்கே நின்றார். இடி அவரை மென்மையாக ஒதுக்கிவிட்டு, மனைவியின் முன்னால் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அந்தப் பழத்துல எனக்கும் ஒண்ணு குடுங்க. நேத்து நானும் உங்கப்பா கடையிலதான் எடை பார்த்தேன்."