எண்பத்தெட்டு சதவீத ஈரத்தில் ஓர் அத்தான்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டியவன் எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதினால் பொய், இல்லை என்று எழுதினால் உன் அக்கா படித்துவிட்டுச் சிரிப்பாள். ஆகையால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் உன் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்தாறு நாள். படுக்கையறைச் சுவரெல்லாம் பூஞ்சை, அலமாரியைத் திறந்தால் வாடை, படுத்தால் அவளுக்கு நெஞ்சில் இளைப்பு. "முதல்ல வீடு காயட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். இதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. வானிலை ஆபீசில் முப்பத்தோரு வருஷம் காலையும் மாலையும் காற்றின் ஈரத்தை அளந்து பதிவேட்டில் எழுதியவனிடம் சொன்னாள். ஊருக்கெல்லாம் ஈரம் சொன்னவன் வீட்டில் செருப்பில் பச்சை பூத்துக் கிடந்தால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு.

அளக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் பழக்கம். அதற்கு இரண்டு வெப்பமானி வேண்டும். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி, அதன் நுனியை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டிருப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரத்தைக் கணக்குப் போட வேண்டும். அறைக்கு ஒரு ஜோடி என்று கட்டினேன். ஆக, வீட்டைக் காயவைக்க நான் செய்த முதல் காரியம், நாலு அறையிலும் நாலு ஈரத்துணியும் நாலு கிண்ணம் தண்ணீரும் வைத்தது. எண்பத்தெட்டு சதவீதம் வந்தது. கணக்கு சுத்தமாக வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. துணி துவைத்த அன்றைக்கு மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன், மேற்கே ஒரு மேகம், அனுபவசாலி இல்லையா, மழை நிச்சயம் என்று முடிவுகட்டி, போர்வை உட்பட எல்லாவற்றையும் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போட்டேன். மழை வரவில்லை. மறுநாளும் மேகம், மறுநாளும் கொடி, மறுநாளும் மழை இல்லை. பக்கத்து வீட்டம்மா மட்டும் தினமும் வெயிலில் காயப்போட்டு, மொறமொறவென்று எடுத்துப் போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்தேன். அது பாவம், பகல் முழுக்க உறுமிக்கொண்டே இருந்தது, ஒரு நாளைக்கு மூன்று தடவை அதன் தொட்டியை நிரப்பியது, நானும் முதுகைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கொட்டினேன், ஈரம் மட்டும் எண்பத்தாறுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. காலையும் மாலையும் போன் போட்டு உன் அக்காவிடம் அறைவாரியாக அளவை ஒப்பித்தேன். அவள் "ம்" என்பாள். பன்னிரண்டாம் நாள் மெஷின் கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மனுஷன் மெஷினைத் தொடவே இல்லை. கூடத்து நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏன் சார் எல்லா ஜன்னலும் திறந்திருக்கு?"

"கருவி இருக்கிற இடத்துல காத்து தாராளமா ஓடணும். அடைச்ச இடத்துல எடுத்தா அளவு செல்லாது. அது விதி."

"அளவு செல்லும் சார். ஆனா பன்னெண்டு நாளா நீங்க தெருவக் காயவெச்சிட்டு இருக்கீங்க."

அவரே ஜன்னல்களைச் சாத்தினார், கிண்ணங்களை எடுத்துக் கொட்டினார், கொடியை அவிழ்த்தார், சமைக்கும்போது புகைவிசிறியைப் போடச் சொன்னார். அது வேலை செய்யும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டே நாளில் ஐம்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து வெள்ளையும் அடித்தாகிவிட்டது. வீடு இப்போது அப்பளம் மாதிரி இருக்கிறது. ஆனால் மச்சான், இவ்வளவு காய்ந்த வீட்டில் ஒருத்தனாக உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவே இல்லை. அவள் இல்லாமல் முடியலடா. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ எடுத்துச் சொல்லி, கையோடு பஸ் ஏற்றி அனுப்பிவை. இனி அவள் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லோரும் மூச்சுமுட்டாமல் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்காவே போன் செய்தாள். ஐம்பத்தாறு என்றேன். "சுவருக்காகவா நான் வந்தேன்? இருபத்தாறு நாளா ரெண்டு வேளையும் போன் பண்றீங்க. ஒரு தடவயாவது எனக்கு இளைப்பு எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை மச்சான். சத்தியமாகத் தோன்றவே இல்லை. ஏதாவது அன்பாகக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்து, "அங்க எவ்வளவு சதவீதம் இருக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். போனை வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம், அவளை பஸ் ஏற்றி அனுப்பவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானே வருகிறேன். கதவை மட்டும் நீ வந்து திற. அவள் திறந்தால் முதலில் என்ன கேட்டுவைப்பேனோ, எனக்கே பயமாக இருக்கிறது.