சுண்ணாம்பு அடித்த கிறிஸ்துமஸ் தாத்தா

இந்தக் கதையில் வயிறு குலுங்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே வராது. விழுப்புரம் ஜங்ஷனில் காத்து நின்றவர்களுக்கு இது புரியும். மணி அடித்துவிடுவார்கள். நாமும் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வோம். வண்டி மட்டும் ஊருக்கு வெளியே நின்று எதையோ யோசித்துக்கொண்டிருக்கும். நம் சிரிப்பும் இப்போது அங்கேதான் நிற்கிறது. அது வந்து சேருவதற்குள் சவுரிராயனின் மனக்குறையைக் கேட்டுவிடலாம்.

சவுரிராயன் அந்த ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அந்தப் பக்கம் நெம்புகோலை இழுத்துவிடுகிற உத்தியோகம். மெட்ராஸ் போகிற மெயிலாக இருந்தாலும் அவன் இழுத்த பக்கம்தான் போகும். வீட்டில் மட்டும் அவன் கையில் எந்த நெம்புகோலும் கிடையாது. அதுகூட அவனுக்குக் குறை இல்லை. குறை வேறு. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் மனைவி அம்மணி அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. திட்டியதும் இல்லை. அதுதான் பேஜாரு. திட்டினாலாவது பதிலுக்குக் கத்தலாம்.

ஒருநாள் தண்டவாளத்தில் விரிசல் கண்டு, பாசஞ்சர் வண்டியை நிறுத்தி, பெரிய துரையிடமே பேர் வாங்கிவிட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அம்மணி, பெரிய துரை என் கையப் புடிச்சிக் குலுக்கினாரு."

"எந்தக் கைய?"

"இந்தக் கையத்தான்."

"அந்தக் கையால இந்தப் புளியக் கொஞ்சம் கரைச்சிக் குடுங்க."

கரைத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒரே கேள்விதான் அவனைக் குடைந்தது. இவள் மனசுக்குள் என்னைப் பற்றி என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

அந்தக் கேள்விக்கு வழி காட்டியது சீமை. முப்பத்தேழாம் வருஷம், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சநாள் முன்னால், ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்பில் சட்டைக்காரர்களான ஆங்கிலோ இந்தியர்களின் பிள்ளைகளுக்கு ஒரு விருந்து நடந்தது. தோரணம் கட்டப் போன சவுரிராயன் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தான். கார்டு துரை சிவப்புக் கோட்டு மாட்டி, பஞ்சில் தாடி ஒட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "நல்ல பையன் இருந்தானா? அம்மா பேச்சு கேட்டானா?" என்று விசாரித்தார். கேட்டதுதான் தாமதம், பிள்ளைகள் ஜாம் திருடியதிலிருந்து ஒன்று விடாமல் கொட்டிவிட்டன. கடைசியில் தாத்தா தம் சொந்த மனைவியிடம் போய் அவள் புருஷனைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மாள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதில் 'ஹஸ்பண்டு', 'குட்டு' என்ற இரண்டு வார்த்தைகள் சவுரிராயனுக்குப் புரிந்தன.

தாடிக்குள் இருப்பது தன் புருஷன் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை என அவன் முடிவு கட்டினான். அப்படி முடிவு கட்டினால்தானே நமக்கும் கதை.

லோகோ ஷெட்டில் கரி அள்ளும் ராயப்பன் அவனுக்குக் கூட்டாளி. கிறிஸ்துமஸுக்குத் தெருவெல்லாம் பாடிப் போகும் மாதா கோவில் பஜனைக் கோஷ்டியில் மத்தளம் அடிப்பவனும் அவன்தான். அவனிடம் விஷயத்தை உடைத்தான்.

"ராயப்பா, இந்த வருசம் பஜனையில நான்தான் தாத்தா."

"நீ தாத்தாவா? பேரன் எங்க?"

"அந்தத் தாத்தா இல்லடா. சீமைத் தாத்தா. தாடி வெச்சிக்கினு ஊடு ஊடாப் போய் கேள்வி கேப்பாரு. எங்க ஊட்லயும் கேப்பாரு."

"இன்னான்னு?"

"ஒன் புருசன் எப்படின்னு."

ராயப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "வாணாம்டா. அது தெரியாததாலதான் நாமெல்லாம் நிம்மதியாத் தூங்கறோம்."

சவுரிராயன் கேட்கவில்லை. சாயம் போய்க் கழித்துப்போட்ட சிவப்புக் கொடித் துணிகளைச் சேர்த்தான். தையற்காரன் மண்ணாங்கட்டியிடம் கொடுத்து, "ஒரு துரைக்கு கோட்டு வேணும். கிட்டத்தட்ட என் ஒசரம், என் அகலம். ஆனா நான் இல்ல" என்றான். தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்தாயிற்று. பஜனைக்குக் கிளம்பிய சாயங்காலம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது, இந்தச் சிவப்பைக் கண்டு ஒரு கூட்ஸ் வண்டி கீச்சென்று நின்றதாகக்கூடச் சொல்வார்கள். அதை நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை.

தெருவெல்லாம் பாடிக்கொண்டு கோஷ்டி அம்மணி வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் வெளியே வந்து தாத்தாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். கீழே மட்டும் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தாள். அங்கே சவுரிராயனின் செருப்பு இருந்தது. பக்தியில் தலை குனிகிறாள் என்று தாத்தா நினைத்துக்கொண்டார்.

"நீ நல்ல பொண்ணு இருக்குதா?" என்றார் துரைத் தமிழில்.

"இருக்கேன் தாத்தா. வாங்க."

"ஒன் புருசன் எங்க போச்சு?"

"டூட்டிக்குப் போச்சுங்க."

"அவன் எப்படி? நல்ல மனுசன் இருக்குதா?"

அம்மணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவரையா கேக்கறீங்க தாத்தா? அவரு மனசு இருக்குதே..."

தாடி ஒரு முழம் முன்னால் வந்தது. "மனசு?"

"சொல்றேன். மொதல்ல உள்ள வாங்க. சீமையில நீங்க ஒரு ஊட்டுக்குள்ள கால் வெச்சா, அந்த ஊட்டு வேலைய முடிச்சிக் குடுத்துட்டுத்தான் போவீங்களாமே? டிரைவர் துரை ஊட்டம்மா சொன்னாங்க."

சவுரிராயன் திகைத்தான். இன்ஸ்டிட்யூட்டில் கார்டு துரை ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் சீமை வழக்கம் யாருக்குத் தெரியும்? இல்லை என்றால் தாத்தா போலி என்று ஆகிவிடும்.

"ஆமா. அது நம்ம வழக்கம்தான்" என்றார் தாத்தா.

"அப்ப நீங்க போங்கப்பா, தாத்தா இருக்கட்டும்" என்று அம்மணி கோஷ்டியை அனுப்பிவைத்தாள். ராயப்பன் மத்தளத்தை அடித்தபடியே வேகமாக நழுவினான்.

கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. தவலைகள் நிரம்பின. தாத்தாவுக்கு மூச்சு வாங்கியது.

"மனசுன்னு சொன்னியே, பொண்ணு?"

"வெள்ளை மனசு தாத்தா."

சவுரிராயனுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை. இதற்கு இன்னும் பத்துத் தவலைகூட இறைக்கலாம்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அம்மணி.

"ஆனாவா? இன்னா ஆனா?"

"அந்த உரல்ல அதிரசத்துக்கு அரிசி போட்டு வெச்சிருக்கேன். இடிச்சிக்கினே கேளுங்க."

தாத்தா இடித்தார். உலக்கை ஏறும்போது தாடி ஏறியது, இறங்கும்போது இறங்கியது. அந்த வருஷத்து அதிரசத்தில் அரிசி எவ்வளவு, இலவம்பஞ்சு எவ்வளவு என்று யாரும் ஆராயவில்லை.

"ஆனா, அந்த மனச வெளிய காட்டத் தெரியாது அவருக்கு. காட்டத் தெரிஞ்சிருந்தா அவரு கை..."

"கை?"

"மீதிய நாளைக்கி சொல்றேன் தாத்தா. அவரு டூட்டி முடிஞ்சி வர்ற நேரம். ஒங்கள இங்க பாத்தார்னா, யாரு எவருன்னு நான் இன்னா பதில் சொல்றது? ஜல்தியாக் கெளம்புங்க."

தாத்தா ஓடினார். தன்னிடமே மாட்டிக்கொள்ளக்கூடாது என்று பயந்து ஓடிய மனிதன் அந்தத் தெருவில் அவன் ஒருத்தன்தான்.

ராயப்பன் வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சவுரிராயனாக வீட்டுக்கு வந்தபோது இடுப்பு நிமிரவில்லை.

"இன்னாங்க, டூட்டியில வேல ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"இங்க கிறிஸ்மஸ் தாத்தா வந்தாரு. அந்த வயசுல இன்னா வேல செஞ்சாரு தெரியுமா? முகம் கோணல. நீங்களும்தான் இருக்கீங்க."

சவுரிராயன் தட்டில் இருந்த முறுக்கை எடுக்கக் கை நீட்டினான்.

"அது தாத்தாவுக்கு. தொடாதீங்க."

அன்று ராத்திரி முழுக்க அவனுக்குத் தாத்தா மேல் ஒரே எரிச்சல்.

மறுநாளும் தாத்தா வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். விறகு பிளந்தபோது, "அவரு கை மாதிரி உறுதியான கை கெடைக்காது" என்று ஒரு வரி கிடைத்தது. கூரை ஓடுகளைப் பிரித்து மாற்றியபோது, "குடிக்க மாட்டாரு, அதுவே பெரிய விசயம்" என்று இன்னொரு வரி. அம்மியைத் தூக்கி இடம் மாற்றியதற்கு அரை வரிதான். பழைய இடமே தேவலை என்று திரும்ப வைத்ததற்கு மீதி அரை வரி. கடைசியில் சுண்ணாம்பு மட்டை கைக்கு வந்தது. வருஷா வருஷம் இடுப்புவலி என்று சவுரிராயன் தட்டிக்கழித்த வேலை அது. இப்போது நாலு சுவரும் பால் மாதிரி ஆயின. தாத்தாவின் கோட்டும் ஏறக்குறைய அப்படியே ஆயிற்று.

மட்டையைக் கீழே வைத்தபோது அம்மணி பெருமூச்சு விட்டாள். "மொத்தத்துல சொல்லணும்னா தாத்தா, இந்த மனுசன் எனக்கு..."

"எனக்கு?"

மாதா கோவில் மணி அடித்தது.

"பூசைக்கு நேரமாச்சு. மீதி அடுத்த வருசம் தாத்தா."

அந்த ஒரு வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு சவுரிராயன் ஒரு வருஷம் தொங்கினான். பாயிண்ட்டில் நிற்கும்போதும் அதே யோசனை. 'இந்த மனுசன் எனக்கு' என்ன? தெய்வமா? தலைவலியா?

இதற்குள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் சும்மா இருக்கவில்லை. "எங்களுக்குப் பொங்கல்தான் பெரிசு. தாத்தா போகிக்கு முன்னாடி எங்க ஊட்டுக்கும் வரட்டும்" என்றாள்.

"அவரு எங்க பண்டிகைக்கு வர்றவராச்சே" என்றாள் அம்மணி.

"ஒங்க செவுத்துல ஒட்டற சுண்ணாம்பு எங்க செவுத்துல ஒட்டாதா?"

கோவிந்தம்மாளின் புருஷன் பச்சைமுத்துவுக்குச் சவுரிராயனே கோட்டை இரவல் கொடுத்தான். "ஊட்ல தெரியக்கூடாது. அதுதான் இதுல முக்கியம்" என்று குருவைப் போல ரகசியம் சொல்லித் தந்தான். பச்சைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். அப்புறம் ஆடி மாதம் கூழ் ஊற்ற விறகு பிளக்கத் தாத்தா வந்தார். ஒரு கலியாண வீட்டில் பந்தக்கால் நட்டார். வானூர்ப் பக்கம் ஒரு தாத்தா உட்கார்ந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை உரித்ததாகவும் கேள்வி. தொடங்கிவைத்தவன் தான் என்று வெளியே சொல்ல முடியவில்லையே என்பதுதான் சவுரிராயனுக்கு வருத்தம்.

அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது. சவுரிராயன் தாடிக்குப் புதுப் பஞ்சுகூடச் சேர்த்து வைத்துவிட்டான். அப்போது பார்த்து அம்மணி, "இந்த வருசம் பண்டிகை திண்டிவனத்துல, அக்கா ஊட்ல" என்றாள்.

"அப்ப இங்க தாத்தா வருவாரே, நீ இல்லாம..."

"ஒங்களுக்கு இன்னாத்துக்கு அந்தக் கவலை?"

வாயை மூடிக்கொண்டு வண்டி ஏறினான். வாக்கியத்தின் மீதி இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகிறதே என்று வழி நெடுகப் புழுங்கினான்.

திண்டிவனத்தில் அக்கா வீரம்மாள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது ஒரு சிவப்புக் கோட்டு. வீரம்மாளின் புருஷன், அவன் சகலை அப்பாதுரை, பட்டப்பகலில் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். புழுக்கம் தாங்காமல் தாடியைக் கழற்றித் தோளில் துண்டு மாதிரி போட்டிருந்தார். பக்கத்திலேயே வீரம்மாள் நின்று, "இன்னும் கொஞ்சம் சின்னதா, தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீரம்மாள் உள்ளே போனதும் சவுரிராயன் ஓடிவந்து தாடியை எடுத்துச் சகலை மூஞ்சியில் அழுத்தினான்.

"சகலை, இன்னா வேல பண்றீங்க? மொதல்ல இதக் கட்டுங்க. ஊட்ல கண்டுபிடிச்சிடப் போறாங்க."

"யாரு?"

"ஒங்க ஊட்ல."

அப்பாதுரை கோடரியைக் கீழே வைத்தார். "அவ இன்னாத்த கண்டுபிடிக்கிறது? இந்தக் கோட்டத் தெச்சதே அவதான். ஆம்பள ஊட்டு வேல செஞ்சா நாலு பேரு சிரிப்பான், தாத்தா செஞ்சா எவனும் சிரிக்க மாட்டான்னு ஒங்க ஊட்டம்மா வந்து சொல்லித் தந்தாங்களாம். நல்ல யோசனைதான். எனக்கும் வெக்கம் இல்லாமப் போச்சு."

"எங்க ஊட்டம்மாவா?"

"பின்ன? ஒங்க தையக்காரன் அளவு பாக்க ஒங்க சட்டை வேணும்னு ஒங்க ஊட்டுக்கே போய் நின்னானாமே. துரைக்குக் கோட்டு, அளவுக்கு சவுரிராயன் சட்டைன்னு. அம்மணி சொல்லிச் சொல்லி இங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் தெரிஞ்சிக்கினுதான ஆடினீங்க, சகலை?"

சவுரிராயன் தாடியைச் சகலை தோளிலேயே திரும்பப் போட்டான். அந்தச் சமயம் விழுப்புரமும் திண்டிவனமும் இடையிலுள்ள அத்தனை ஊரும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது போல அவனுக்குத் தோன்றியது.

உள்ளே போனான். அம்மணி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலாக ஒரு சிவப்புக் கோட்டு. சுண்ணாம்புக் கறை போகத் தோய்த்து, மடித்து, மேலே பஞ்சுத் தாடியும் வைத்திருந்தது. அது ராயப்பன் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்குவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அம்மணி அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்கினு வாங்க தாத்தா. அக்கா ஊட்டுக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கல. நீங்க அடிச்சிக்கினே இருங்க, மீதிய சொல்றேன்."