இரண்டு பூட்டுப் பெட்டியும் டிஜிட்டல் யுகமும்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு வண்டிச் சில்லைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாகக் கண்டுபிடித்ததுதான், விலை உறைகள் போடுகிற, இரண்டு பூட்டுப் போட்ட கேள்விப்பத்திரப் பெட்டி. முதல் இரண்டாலும் உலகத்துக்கு வந்த கெடுதிகள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதால் ஒரு கெடுதியும் வந்ததாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை. திருகோணமலையில் இதை எடுத்துச் சொல்லும் தகுதி குலசிங்கம் ஒருவருக்கே உண்டு. அரசாங்கக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் கேள்விப்பத்திரப் பகுதியில் இருந்து, ஒரு உறையைக்கூட நேரத்துக்கு முன் திறக்காமல் ஓய்வுபெற்றவர் அவர்.

ஓய்வுபெற்ற கையோடு துறைமுக அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்குச் செயலாளரானார். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. சங்கத்திடம் ஒரேயொரு பழைய வானொலிச் செற் இருந்தது. யுத்தகாலத்தில் அதை வைத்திருப்பதற்கு வாங்கிய அனுமதிக் கடிதங்களை அடுக்கினால் செற்றைவிட உயரம் வரும். துறைமுகப் பட்டறையில் வேலை செய்த சங்க உறுப்பினர் பேணாட், தினமும் காலை ஏழு மணிக்கு அந்தச் செற்றில் குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூர் ஆஸ்பத்திரியோடு கதைப்பார். அங்கே தொலைபேசி அறுந்து ஏழு வருடம். என்ன மருந்து தீர்ந்தது என்று நேர்ஸ் நஜ்முன் நிஸா சொல்லுவார். பேணாட் அதை எழுதிக்கொண்டு சைக்கிளில் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவார். மருந்து பின்னேர லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய்விடும். இவ்வளவுதான். இதற்குக் கூட்டமும் இல்லை, கூட்டக்குறிப்பும் இல்லை. ஒரு சங்கம் இப்படியா நடப்பது என்று குலசிங்கத்துக்கு மனம் உறுத்தியது.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, இரண்டு கரைக்கும் "டிஜிட்டல் முறை" வாங்கித் தருவதாக எழுதியது. செற்றுக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டி. இங்கே தட்டுகிற எழுத்து அங்கே திரையில் விழும். வழியில் ஓர் எழுத்துச் சேதமானாலும் இயந்திரம் தானாகவே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். "ஒரு எழுத்தும் சேதமாகாது" என்ற வாசகத்தில் குலசிங்கம் சொக்கிப்போனார். மனிதரிடம் அவர் முப்பத்தொரு வருடம் தேடிய குணம் அது.

உடனே "உபகரணத் தெரிவுக் குழு" அமைந்தது. பதினொரு தடவை கூடியது. திரையில் எழுத்துப் பச்சையா மஞ்சளா என்று இரண்டு கூட்டம் ஆராய்ந்தது. சுழலும் கதிரையா சுழலாத கதிரையா என்று இன்னொரு கூட்டம் ஆராய்ந்து, சுழல்வது பாதுகாப்புத் தரப்புக்குச் சந்தேகத்தைத் தரும் என்று தீர்மானித்தது. மின்சாரம் பாதி நாள் இல்லாத அறைக்குக் குளிரூட்டி வேண்டுமென்பது ஏகமனதாக நிறைவேறியது. பழைய செற்றிலேயே அந்தச் சிறிய பெட்டியைக் கொழுவினால் போதும் என்று பேணாட் சொன்னதும், அவரது கருத்து "பாராட்டுடன் குறித்துக்கொள்ளப்பட்டது". அதாவது, கைவிடப்பட்டது.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. ஓடுகிற பொருள் கையிருப்பில் இருக்கும்போது புதியது கேட்பது கந்தோர் ஒழுங்குக்கு விரோதம். எனவே தை மாதத்தில் பழைய செற் "பாவனைக்கு உதவாதது" என்று எழுதப்பட்டு, அலுமாரிக்குள் வைத்து முத்திரையிடப்பட்டது.

"ஐயா, அது நல்லா வேலை செய்யுது," என்றார் பேணாட்.

"அதுதான் தம்பி பிரச்சினை," என்றார் குலசிங்கம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூதூரில் நஜ்முன் நிஸா கூப்பிட்டிருப்பார். இங்கே அலுமாரி கேட்டுக்கொண்டிருந்தது.

விலை கோரி அறிவித்தல் போயிற்று. உறைகள் போட இரண்டு பூட்டுத் தகரப்பெட்டி வந்தது. ஒரு பூட்டின் திறப்பு குலசிங்கத்திடம். மற்றது பொருளாளர் ஆனந்தராசாவிடம், ஊருக்கு வெளியே கப்பல்துறையில். ஒருவர் தனியாகத் திறக்க ஏலாது. அந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்கக் குலசிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

மாசி பதினோராம் திகதி மூதூரிலிருந்து லோஞ்சில் சின்னராசா என்ற, வயல் செய்யும் கமக்காரர் வந்தார். சங்கத்தின் பெயர் எழுதி ஒட்டிய உறை ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரியில நேர்ஸ் அம்மா தந்தவ. பேணாட் தம்பியிட்டக் குடுக்கச் சொன்னவ, அவர் இல்லையாம். மறுமொழி வாங்கிக்கொண்டு வரட்டாம்."

பேணாட் அன்று கொழும்புக்குப் போயிருந்தார், கதிரை விலை விசாரிக்க. குலசிங்கம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூதூர் ஆஸ்பத்திரி இந்த வேலைத்திட்டத்தின் "பயனாளி". உள்ளே ஏதாவது ஒரு கொம்பனியின் பெட்டிதான் நல்லது என்று எழுதியிருந்தால்? காலக்கெடுவுக்குள் அதைப் படித்த செயலாளர் நடுநிலையானவரா? உறையைத் தகரப்பெட்டியின் வாய்க்குள் போட்டார்.

"உடைச்சுப் பாக்க மாட்டியளோ?" என்று கேட்டார் சின்னராசா.

"எல்லாருக்கும் ஒரே நாளிலை மறுமொழி வரும்," என்று சொல்லி, அழகான கையெழுத்தில் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். உறை இலக்கம் மூன்று. முத்திரை உடையாதது. சின்னராசா பின்னேர லோஞ்சு வரைக்கும் வாசலில் குந்தியிருந்துவிட்டுப் போனார்.

பெட்டி திறக்கும் கூட்டம் மூன்று தடவை தள்ளிப்போனது. ஒருமுறை கப்பல்துறையில் படையினரின் சுற்றிவளைப்பு, ஆனந்தராசா வரவில்லை. ஒருமுறை வீதி மூடல். ஒருமுறை எல்லோரும் வந்தார்கள், ஆனந்தராசாவும் வந்தார், திறப்பு வீட்டில் நின்றுவிட்டது. பூட்டை உடைப்போம் என்ற பேணாட்டுக்கு எழுத்தில் எச்சரிக்கை போயிற்று.

பங்குனி முடிவில் பெட்டி திறந்தது. பயனாளியின் பிரதிநிதியாக நஜ்முன் நிஸாவும் முறைப்படி அழைக்கப்பட்டு வந்திருந்தார். முதலிரண்டு உறைகளிலும் கொழும்பு விலைகள். மூன்றாவதைப் பேணாட் உடைத்து உரக்க வாசித்தார்.

"பேணாட் நானா, செற்றில உங்களைக் காணல்ல. வயல் வெட்டு தொடங்குது. பாம்புக்கடி மருந்து ரெண்டு பேருக்குத்தான் கிடக்கு. பெரியாஸ்பத்திரியில சொல்லி, இதைக் கொண்டுவாறவர்ர கையிலேயே குடுத்து அனுப்புங்க. பின்னேர லோஞ்சு மட்டும் நிப்பார்."

பேணாட் கடிதத்தைக் குலசிங்கத்தின் முன்னால் வைத்தார். ஆனந்தராசா தன் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நஜ்முன் நிஸா எழுந்து வந்து, நாலாக மடித்த ஒரு கடதாசியை மேசையில் விரித்தார்.

"ரெண்டு பேருக்கு இருந்த மருந்து ரெண்டு பேருக்குச் சரியாப் போச்சு," என்றார். "மூணாவது ஆள் சின்னராசா அண்ணன். இது அவர்ர சேட்டுப் பையில கிடந்த."

அது பற்றுச்சீட்டு. குலசிங்கத்தின் முப்பத்தொரு வருடப் பழக்கம் நெஞ்சைக் கேட்டா நடக்கும்? கை தானாகச் சீட்டை எடுத்தது, உறையோடு ஒப்பிட்டது. இலக்கம் மூன்று. திகதி பதினொன்று. முத்திரை உடையாதது. ஓர் எழுத்தும் சேதமில்லை.

"எல்லாம் சரியாய்த்தான் இருக்கு," என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

நஜ்முன் நிஸா அவர் கையிலிருந்து சீட்டை வாங்கித் திரும்ப நாலாக மடித்தார்.

"அப்ப ஒருக்கா மூதூருக்கு வாங்க ஐயா," என்றார். "இதை அவர்ர பெண்சாதியிட்டயும் சொல்லுங்க."